வலைக்கு நாடி பார்த்தவர்

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரனின், அதாவது டச்சுக்காரனின், கொடி பறந்துகொண்டிருந்த காலம். கோட்டைக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்மேட்டில் ஒரு குப்பம். அந்தக் குப்பத்துக்கு ஒரு சாமியார் வந்து சேர்ந்தார்.

பேய் ஓட்டுகிறவர், மழை வரவழைக்கிறவர், பிள்ளை வரம் கொடுக்கிறவர் எல்லாம் ஊருக்கு ஒருவர் ஏற்கெனவே இருந்தார்கள். அந்தத் தொழில்களில் போட்டி அதிகம். நம் சாமியார் கெட்டிக்காரர். யாரும் கை வைக்காத ஒரு தொழிலைப் பிடித்தார். வலைக்கு நாடி பார்த்தார்.

ஆமாம், மீன் பிடிக்கிற வலைக்குத்தான். நூலால் பின்னி, மரப்பட்டைச் சாயத்தில் வேகவைத்து, வெயிலில் காயப்போடுகிறார்களே, அந்த வலைக்கு. வலைக்கும் உயிர் உண்டாம். உயிருள்ள வலைதான் மீனைக் கூப்பிடுமாம். செத்த வலையைத் தண்ணீரில் போட்டால் ஏரிக்கே தீட்டாம். எந்த வலை உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போயிற்று என்பது சாமியாரின் மூன்று விரல்களுக்குத் தெரியுமாம்.

முறை இதுதான். வலையைக் கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுவர வேண்டும். வெயில் பட்டால் நாடி ஓடி ஒளிந்துகொள்ளுமாம். துணிக்கு வெளியே ஒரு முனை மட்டும் தெரியலாம். சாமியார் அந்த முனையை மூன்று விரலால் பிடிப்பார். கண்ணை மூடுவார். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். பிறகு மூன்றில் ஒன்றைச் சொல்வார்: "ஓடுது", "இழுத்துக்கினு கீது", "நின்னுபோச்சு". கோட்டையில் துணிக்குத் தரம் பார்க்கிற குமாஸ்தாகூட வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, இழையை எண்ணிப் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்வான். நம் சாமியாருக்கு அந்தத் தொந்தரவு எல்லாம் கிடையாது.

கூட்டம் சொல்லி முடியாது. ஆரம்பாக்கத்திலிருந்து தோணி தோணியாக வந்தார்கள். திருப்பாலைவனத்து விவசாயி ஒருவர் ஏர்க்கலப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஏருக்கு நாடி கிடையாது" என்றார் சாமியார். பின்னாலேயே ஒரு மூட்டை நெல் வந்தது. "இருக்கு, மெதுவா ஓடுது" என்றார்.

"இழுத்துக்கினு கீது" என்றால் ஒரு சேவலும் கள்ளும் வைத்துப் பூசை போட வேண்டும். பூசை போட்டால் நாடி திரும்பிவிடும். "நின்னுபோச்சு" என்றால் கதை முடிந்தது. அந்த வலையைச் சாமியாரிடம் கொடுத்துவிட வேண்டும். அமாவாசையன்று அவரும் அவருடைய சீடன் சிங்காரமும் தாழம்புதருக்குப் பின்னால் அதைத் தகனம் செய்வார்கள். பார்க்கக்கூடாது. பார்த்தால் கண் போய்விடும். புகையை மட்டும் தூரத்திலிருந்து கும்பிடலாம்.

சொன்னது பலிக்கவும் செய்தது. பலிக்காமல் என்ன? சிங்காரம் தினமும் விடியற்காலையில் கரையில் நின்று, யார் கூடை நிறைந்தது, யார் வெறும் கையோடு வந்தான் என்று பார்த்து வைத்துக்கொள்வான். நாலு நாளாக மீன் படாதவன் வந்து நின்றால் "நின்னுபோச்சு". அவனும் வாயைப் பிளந்து, "நாலு நாளா ஒண்ணும் படலைன்னு சாமிக்கு எப்படித் தெரிஞ்சுது!" என்று காலில் விழுவான். "ஓடுது" என்று சொன்ன வலையில் மீன் படாவிட்டால்? "ஊட்ல பொஞ்சாதியோட சண்டை போட்டியா?" என்று கேட்பார். சண்டை போடாத வீடு எது?

இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஊர்ப் பெரியதனக்காரர் வரதன் ஒரு காரியம் செய்தார்.

ஏரியில் எந்த மடுவில் எந்த நாள் யார் வலை போடுவது என்று குப்பத்துக்காரர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். மழை ஓய்ந்து, முகத்துவாரம் திறந்து, இறால் ஏரிக்குள் ஏறுகிற பருவத்தில் பாடு கிடைத்தவன் வீட்டில் அடுப்பு எரியும். கிடைக்காதவன் கோட்டைத் துறையில் மூட்டை தூக்கப் போக வேண்டும். வரதன் பட்டை அடித்துக்கொண்டு, கை கூப்பி, ஊரைக் கூட்டி அறிவித்தார்: "செத்த வலைக்காரனுக்குப் பாட்டுல சீட்டு கிடையாது. ஏரித் தீட்டு நம்மளுக்கு வாணாம்."

பதினோரு குடும்பத்தின் பிழைப்பு மூன்று விரலில் போய்விட்டது. பன்னிரண்டாவது, கண்ணப்பன் குடும்பம்.

கண்ணப்பன் நல்லவன். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற அளவுக்கு நல்லவன். காணிக்கை எதுவும் இல்லாமல், வலையை மட்டும் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு சாமியாரிடம் போய் நின்றான். "நின்னுபோச்சு" என்று கேட்டுக்கொண்டு, சொந்தத் தகப்பன் செத்தது மாதிரி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான்.

"செல்வம்மா, வலை செத்துப்போச்சு."

அவன் மனைவி செல்வம்மாள் மடவை மீனை அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்போ பொறந்திச்சு, சாவறதுக்கு?"

"வெளையாடாத. சாமி கையில புடிச்சுப் பாத்துட்டாரு. அமாவாசைக்குள்ள குடுத்துடணும்."

"அதுக்கு நூலு நூத்தவ நானு. பின்னுனவன் நீயி. எட்டு மாசம், ராவும் பகலும். வலைக் கண்ணு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு இல்லாம, அளவுகட்டைய வச்சி வச்சிப் பின்னுன. அந்தாளு ஒரு தபா தண்ணில கால நனைச்சிருப்பாரா?"

"அப்படில்லாம் பேசாத. வாய் கோணிக்கும்."

"கோணுனா கோணட்டும். பசியில கோணறதுக்கு அது மேலு."

அந்த வலையைச் செல்வம்மாளுக்குத் தெரியும். முந்தாநாள் பாதி கூடை இறால் அதில்தான் வந்தது. அதற்கு முன்னால் நாலு நாள் ஒன்றும் படவில்லை, உண்மைதான். வாடைக்காற்று மாறி அடித்த நாலு நாளில் எவன் வலையில் பட்டது? பெரியதனக்காரர் வலையிலும் படவில்லை. ஆனால் அவர் வலை மட்டும், சாமியார் வாக்குப்படி, "நூறு வயசு ஓடும்".

அவள் மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அவள் போன இடம் பெரியதனக்காரர் வீடு.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"பாட்டுச் சீட்டுன்னா பேசாத, செல்வம்மா. சாமி சொல்லிட்டாரு."

"அதில்ல மாமா. சாமிக்கு மெய்யாலுமே தெரியுமா?"

வரதன் சிரித்தார். பக்தி முற்றியவர்களுக்கு மட்டுமே வருகிற, இரக்கம் கலந்த சிரிப்பு. "இன்னா பொண்ணே இப்படிக் கேட்டுட்ட? என் வலைய எத்தினி பேரு வலைக்கு நடுவுல போட்டாலும் அவரு கண்டுபுடிப்பாரு."

"அப்படியா? அப்போ மாமா வலைய எம் புருசன் கொண்டாரட்டும். எங்க செத்த வலைய நீங்க கொண்டாங்க. ரெண்டும் கூடைக்குள்ள, ஈரத்துணிக்கு அடியில. சாமி புடிச்சுப் பாத்து, ஆளு மாறிக்கீதுன்னு சொல்லிட்டாருன்னா நாங்க பாட்டயும் கேக்கல, வலையயும் குடுத்துட்டு ஊர உட்டே போயிடறோம்."

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் உண்மையான பக்தனுக்கு ஒரு சங்கடம் உண்டு. சோதித்துப் பார்க்காதே என்று அவனால் சொல்ல முடியாது. சொன்னால் சந்தேகம் என்று ஆகிவிடும். "செய்யி" என்றார் வரதன். "வெள்ளிக்கெழமை. அன்னிக்கு உன் வாயும் அடங்கும்."

"ஒண்ணு மட்டும் மாமா. இது உங்களுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியணும். வேற யாருக்கும் சொல்லக்கூடாது."

"சாமிக்கு யாரும் சொல்ல வாணாம். அவருக்கே தெரியும்."

"அதான் மாமா நானும் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கண்ணப்பன் அப்படியே தரையில் குந்திவிட்டான். ஊரை விட்டுப் போவதைவிட, சாமி முன்னால் பொய்க் கூடையோடு நிற்பதுதான் அவனுக்குப் பெரிய பயம். இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கண் போய்விட்டதா என்று அடிக்கடி ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் வழக்கத்தைவிடக் கூட்டம் இரட்டிப்பு. பெரியதனக்காரரே வருகிறார் என்று சிங்காரம் ஊரெல்லாம் சொல்லியிருந்தான். வரதன் தலையில் முண்டாசு, பின்னால் இரண்டு ஆள், ஒரு கொழுத்த சேவல், ஒரு குடம் கள். கூடை ஈரத்துணியால் மூடியிருந்தது. ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது.

சாமியார் முனையைப் பிடித்தார். கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். சேவல் ஒரு முறை கொக்கரித்தது.

"ஆகா!" என்றார். "ஓடுது! குதிரை மாதிரி ஓடுது! போன தபாவவிட ஜோரா ஓடுது! இந்த வலையில மகாலட்சுமி உக்காந்துகினு கீறா!"

கூட்டம் அரோகரா போட்டது. வரதன் முகத்தில் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.

அடுத்தது கண்ணப்பன். வலைக் கூடையைத் தவிர வெறும் கை. அவன் கூடையைப் பார்த்ததுமே சாமியார் முகம் சுருங்கியது. இந்தத் தடவை கண்ணைக்கூட முழுசாக மூடவில்லை.

"மறுபடி எதுக்குடா கொண்டாந்த? பொணத்துக்கு ரெண்டு தபா நாடி பாப்பாங்களா?" விரலை உதறினார். "நின்னு நாலு நாளு ஆச்சு. நாத்தம் அடிக்குது. இன்னிக்கே எரிச்சுடணும். சிங்காரம், எடுத்துனு போ!"

சிங்காரம் கூடையைத் தூக்கக் குனிந்தான். செல்வம்மாள் கூடைமேல் காலை வைத்தாள்.

"எரிக்கறதுக்கு முன்னால யாரு பொணம்னு பாத்துடலாம்" என்றாள்.

சாமியார் எகிறினார். "பொம்பள கால வச்சுட்டா! தீட்டு! தீட்டு!" என்று கத்தினார். கூட்டமும் சத்தம் போட்டது. செல்வம்மாள் பெரியதனக்காரர் பக்கம் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். நியாயம்தான். இப்போது வாயைத் திறந்தால், பதினோரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திய முட்டாள் நான்தான் என்று அவரே சொல்ல வேண்டும். அது சுலபமான வேலையா?

அவள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கூட்டத்தில் நின்ற தனக்கோடியைக் கூப்பிட்டாள். அவன் வலையும் போன மாதம் "தகனம்" ஆன வலைதான். இப்போது மூட்டை தூக்கித் தோளெல்லாம் காய்ப்பு.

"தனக்கோடி அண்ணே, இங்க வா. கண்ண மூடிக்க. இந்தக் கூடைக்குள்ள கைய உடு. இது யாரு வலைன்னு சொல்லு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் குப்பத்தில் எந்த மீன்காரனும் இருட்டில், தண்ணீருக்குள், கண்ணை மூடிக்கொண்டு தன் வலை எது, அடுத்தவன் வலை எது என்று சொல்லிவிடுவான். ஒவ்வொரு வீட்டு முடிச்சும் ஒரு மாதிரி. ஒருவன் இறுக்கி முடிச்சுப் போடுவான், ஒருவன் இடது கைக்காரன், ஒருவன் தலைக்கயிற்றில் இரட்டை முடிச்சுப் போடுவான். ஊர் முழுக்க இப்படி விரல் படித்தவர்கள். அவர்கள்தான் தங்கள் வலையின் தரத்தை, ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாத ஆளிடம் கேட்க வரிசையில் நின்றார்கள்.

தனக்கோடி கண்ணை மூடிக் கையை விட்டான். முகம் மாறியது. இன்னும் கொஞ்சம் தடவினான்.

"இன்னாது! இது பெரியதனக்காரரு வலையாச்சே! இந்தப் பொத்தல நான்தானே அவரோட குந்திக்கினு தெச்சேன்!"

"நல்லா பாத்துச் சொல்லு."

"பாக்கறதுக்கு இன்னா கீது? என் முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"அப்போ அந்தக் கூடையிலயும் கைய உடு. மகாலட்சுமி உக்காந்திருக்காளே, அதுல."

தனக்கோடி அதிலும் கையை விட்டான். "இது நம்ம கண்ணப்பன் வலை. கண்ணு அளந்த மாதிரி ஒண்ணே போல கீது. இவன் ஒருத்தன்தான் இப்படிப் பின்னுவான்."

கூட்டம் முழுக்கச் சாமியார் பக்கம் திரும்பியது. சேவல் மட்டும் கூவியது, அதற்கு என்ன தெரியும்.

சாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு கனைப்பில் சமாளித்தார். "ஜீவன் இடம் மாறிப்போச்சு! எனக்குத் தெரியும்! அதுல இருந்தது இதுக்குப் பாய்ஞ்சுடுச்சு! வலை மாறினா ஜீவனும் மாறும், அதான் சாத்திரம்!"

உடனே கூட்டத்தில் நாலைந்து தலைகள், அதானே, அதானே என்று ஆடின. மனிதன் பணத்தை இழந்தால் பொறுப்பான். ஏமாந்தோம் என்று ஒத்துக்கொள்ளத்தான் பொறுக்க மாட்டான்.

"ஜீவன் இடம் மாறல, சாமி" என்றாள் செல்வம்மாள். "கூடைதான் ஆளு மாறிச்சு. சேவலோட வந்தா ஓடுது, வெறுங்கையோட வந்தா நின்னுபோவுது. நீ வலைக்கு நாடி பாக்கல. கொண்டாற ஆளுக்கு நாடி பாக்கற. சரி, நீ சொன்ன மாதிரியே வச்சுக்கலாம். இன்னிக்கே எரிக்கணும்னு சொன்னியே, அந்த வலைய இப்பவே எங்க கண்ணு முன்னால எரி. மாமா, உங்க வலை. எரிக்கச் சொல்லட்டுமா?"

வரதன் முண்டாசை அவிழ்த்தார். தன் வலை எரிவதை நினைத்ததும் சாத்திரம் தெளிந்துவிட்டது.

"எவனாவது என் வலையில நெருப்பு வச்சான், கைய ஒடிச்சிடுவேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அவ சொல்றது மெய்தான். நாங்க ரெண்டு பேரும் மாத்தித்தான் கொண்டாந்தோம். சாமிக்குத் தெரியும்னு நெனச்சேன். அவருக்குச் சேவலத்தான் தெரிஞ்சுது."

சிங்காரம் மெல்லப் பின்னால் நழுவினான். அவன் நழுவிய திசையைப் பார்த்து நாலு பேர் ஓடினார்கள். தாழம்புதருக்குப் பின்னால் இருந்த குடிசையில் சாம்பல் இருந்தது, பழைய கயிற்றின் சாம்பல். "தகனம்" ஆன வலைகள் கட்டுக் கட்டாக, ஆரம்பாக்கம் தோணிக்குக் காத்திருந்தன. மூலையில் வேறு ஊர் வலைகள் ஒரு குவியல். இங்கே செத்தது அங்கே விலைக்குப் போகும், அங்கே செத்தது இங்கே. சாவே இல்லாத வியாபாரம்.

பதினோரு பேரும் அந்தக் கட்டுகளுக்குள் கையை விட்டார்கள். ஒருவனும் தேடித் திகைக்கவில்லை. தொட்டான், தன்னுடையதை இழுத்தான். தனக்கோடி தன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு குந்தி அழுதான். அதைப் பார்த்துக் கண்ணப்பனும் அழுதான். அவன் எதற்கும் அழுகிறவன்தான், ஆனாலும் இந்த முறை நியாயம் இருந்தது.

சாமியாரை அடிக்கக் கை ஓங்கினார்கள். செல்வம்மாள் தடுத்தாள். கிழிந்த வலை ஒன்றையும் தையல் ஊசியையும் அவர் மடியில் போட்டாள்.

"ஒரு பொத்தல், ஒண்ணே ஒண்ணு தெச்சுட்டுப் போ. இத்தினி நாளு எங்க வலைக்கெல்லாம் நல்லது கெட்டது சொன்னியே."

அவர் உச்சி வெயில் வரைக்கும் முயன்றார். பொத்தல் மூன்றாயிற்று. குப்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்புறம் அவரையும் சிங்காரத்தையும் தோணியேற்றி அக்கரையில் இறக்கிவிட்டார்கள். மறுநாளே பாட்டுச் சீட்டு மறுபடி போடப்பட்டது, பன்னிரண்டு குடும்பத்தையும் சேர்த்து. கண்ணப்பனுக்கு முகத்துவாரத்தை ஒட்டிய மடு விழுந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் ஜனங்களைப் பற்றி நான் பெருமையாக நினைத்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்வம்மாள் வாசலைப் பெருக்க வந்தாள். பதினைந்து இருபது பேர் கூடையோடு நின்றிருந்தார்கள். எல்லாக் கூடைமேலும் ஈரத்துணி. முன்னால் நின்றவன் சேவலைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினான்.

"தாயே! அந்தக் கள்ளச் சாமிய நீயே கண்டுபுடிச்சுட்ட. உனக்குத்தான் மெய்யான வாக்கு கீது. என் வலைய ஒரு தபா தொட்டுச் சொல்லு தாயே."

உள்ளே இருந்து கண்ணப்பன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில்கூட லேசாகப் பக்தி தெரிந்தது.

செல்வம்மாள் துடைப்பத்தைக் கீழே போடவில்லை. போடாததால்தான் கூட்டம் இரண்டு அடி தள்ளி நின்றது.

"எத்தினி வருசமா வலை போடற?" என்று கேட்டாள்.

"இருவது வருசம், தாயே."

"நான் மீனு அரியறவ. இருவது வருசம் வலை புடிச்ச கைய வச்சிக்கினு, அது நல்லதா கெட்டதான்னு என்கிட்ட கேக்க வந்தியா? சேவலத் தூக்கினு ஊட்டுக்குப் போ. கொழம்பு வச்சித் தின்னு, ஒடம்புல தெம்பு வரட்டும். அப்புறமா அந்தத் துணிய எடுத்துட்டு, வெளிச்சத்துல, உன் வலைய நீயே பாரு. உன் தலைய அடுத்தவனுக்கு இரவல் குடுத்துட்டு, அவன் காலுல போயி உளுந்தா, அவன் எட்டித்தான் ஒதைப்பான்!"